நரெல் குயின்ஸ்லாந்துக்குப் போன கதை

பென்னர்ஸ் ஃப்ளாட்டில் ஆகஸ்ட் மாதத்தில் கறுப்பதற்கு ஒருவருக்கும் உரிமை கிடையாது. மூன்று வாரமாக மழை. அதற்கு முந்தைய மூன்று வாரம், மழை வரப்போகிறது என்ற மூட்டம். ஆஸ்திரேலியாவின் தெற்குக் கோடித் தீவான டாஸ்மேனியாவின் அந்த வடமேற்கு மூலையில் ஆகஸ்ட் குளிர்காலத்தில் எல்லா முகமும் உரித்த உருளைக்கிழங்கு நிறத்தில்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட மாதத்தில், பால் பண்ணைக்கார நரெல் பைபஸ் நல்ல கெட்டி டீ நிறத்தில் தபால் ஆபீஸுக்குள் நுழைந்தால் ரோண்டா ஸ்பால்டிங் என்னதான் செய்வாள்? யோசித்தாள். ரோண்டா யோசித்தால் அது ஊருக்குத் தெரியாமல் போகாது.

ரோண்டாவுக்கு வயது அறுபத்தேழு. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதியவள். ஓய்வு பெற்ற பிறகும் மனசு ஓய்வு பெறவில்லை. அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல், பைபஸ் பண்ணையின் கேட்டுக்கு நேர் எதிரே. பாத்திரம் கழுவுகிற வேலையை அவள் ஒருநாளும் வெறுத்ததில்லை என்றால் காரணம் அதுதான்.

அந்த ஜன்னல் வழியாக அவள் சேர்த்து வைத்திருந்த சாட்சியங்கள் இவை. நரெல் இரண்டு வியாழக்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனாள். ஆள் இளைத்துவிட்டாள், பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. ஜூன் மாதம் நாலு நாள் லான்செஸ்டனில் அக்கா வீட்டுக்குப் போனதாகச் சொன்னாள். லான்செஸ்டனில் ஜூன் மாதம் யாரும் கறுத்ததாக வரலாறு இல்லை. ஆக, அக்கா வீடு என்பது சாக்கு. போனது குயின்ஸ்லாந்துக்கு, வருஷம் பூராவும் வெயில் அடிக்கிற வடக்குக்கு. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெண் இளைத்து, கறுத்து, புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு வடக்கே போகிறாள் என்றால் அங்கே ஆரஞ்சு ஜூஸ் குடிக்கவா போவாள்?

இதை ரோண்டா இரண்டே இரண்டு பேரிடம்தான் சொன்னாள். ஒருத்தி தபால் ஆபீஸ்காரி. இன்னொருவன் பால் டேங்கர் ஓட்டுகிற டேரில். ஒருநாள் விட்டு ஒருநாள் பதினாலு பண்ணைக்குப் போய்ப் பால் உறிஞ்சிக்கொண்டு வருகிறவன். போகிற இடத்தில் எதையாவது இறக்கி வைக்காமல் பாலை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்ததாக அவனைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

நாலே நாளில் கதை ஊரைச் சுற்றிவிட்டு ரோண்டாவிடமே திரும்பி வந்தது. வரும்போது அந்த வடக்கத்தி ஆளுக்கு மீசை முளைத்திருந்தது, குயின்ஸ்லாந்தில் பண்டபெர்க் என்ற ஊரில் அவனுக்கு இருந்த தோட்டத்தில் பயிர்கூட மாறியிருந்தது.

நரெல் புதன்கிழமை சூப்புக்கு வருவதை நிறுத்தினாள். ஊர் ஹாலில் குளிர்காலம் முழுவதும் புதன்கிழமை மதியம் சூப். அதற்கு வராதவர்கள் ஒன்று செத்திருக்க வேண்டும், அல்லது யாருடனாவது சண்டை போட்டிருக்க வேண்டும். இரண்டாவது புதனும் வராமல் போனபோது, ரோண்டா ஒரு பாத்திரம் பூசணி சூப்பை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அக்கறை பாதி. மீதி என்ன என்பது அவளுக்கே தெரியும்.

நரெல் சமையலறை மேஜையில் கோட்டோடும் கையுறையோடும் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி. வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அது வெங்காயம் ஊறின தண்ணி."

"தெரியும். வெங்காயத்தை நேத்தே தின்னு முடிச்சுட்டேன்."

பக்கத்தில் ரொட்டியில் தடவுகிற கரிய உப்புக் களிம்பு டப்பா திறந்து கிடந்தது. ரொட்டி எங்கேயும் காணோம். கரண்டி மட்டும் டப்பாவுக்குள் நின்றுகொண்டிருந்தது.

"உடம்புக்கு என்ன?" என்றாள் ரோண்டா.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா. காலைல பால் கறந்து முடிச்சா, பூட்ஸைக் கழட்டவே தெம்பு இல்ல. எந்திரிச்சா தல சுத்துது. சாப்பாட்டப் பாத்தா கொமட்டுது. உப்பு மட்டும்தான் எறங்குது."

"டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

"மூணு தடவ போனேன். வியாழக்கிழமைதான் கிளினிக்ல எடம் கெடச்சுது." நரெல் ஜாடியைக் கீழே வைத்தாள். "மொத ஆளு தாடிக்காரரு. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாரு. அடுத்த தடவ போனா அவரு ஊருக்கே போயிட்டாரு, வேற ஒரு பொண்ணு. வயசாகுதுல்ல, மாதவிடாய் நிக்கிறப்ப இப்படித்தான் இருக்கும்னுச்சு. மூணாவது ஆளு, மனசு சரியில்லையான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குக் கள்ளப்புருஷன் இருக்கான்னு ஊரே பேசுது, மனசு எப்படி இருக்கும்னு கேட்டேன். பண்டபெர்க்ல வாழத்தோட்டம் வெச்சிருக்கானாம்ல."

"வாழைன்னு நான் சொல்லவே இல்ல," என்றாள் ரோண்டா. "கரும்புன்னுதான்..."

நரெல் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"சூப்ப வெச்சுட்டுப் போ," என்றாள் நரெல். "பாத்திரத்த வேலி மேல வெக்கிறேன்."

பாத்திரம் மறுநாள் காலை வேலி மேல் இருந்தது. கழுவாமல். ரோண்டாவுக்கு உறைத்தது பாத்திரம்தான். நரெல் கழுவாத பாத்திரத்தைத் திருப்பித் தருகிறவள் இல்லை. கோபத்தில் இருந்தால் இன்னும் பளபளவென்று தேய்த்துக் கொடுத்து மானத்தை வாங்குகிறவள். கழுவத் தெம்பில்லாமல்தான் வைத்திருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் ஜன்னல் வழியே பார்த்தது வேறு ரகம். நரெல் கொட்டகை ஓரமாக நின்றாள். மாடு நக்குவதற்கென்று கட்டித் தொங்கவிட்டிருந்த உப்புக்கட்டியைக் குளம்பு சீவுகிற கத்தியால் ஒரு தட்டு தட்டினாள். உடைந்த துண்டைக் கற்கண்டு மாதிரி வாயில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். ரோண்டா கையிலிருந்த தட்டை இரண்டாம் தடவை கழுவினாள்.

அன்றே பத்து மணிக்கு மாட்டு டாக்டர் அன்னிகாவின் வண்டி பைபஸ் கேட்டுக்குள் நுழைந்தது. ஒரு பசு கன்று போட்டுவிட்டு, கால்சியம் குறைந்து வருகிற பால் காய்ச்சலில் படுத்துவிட்டது. ரோண்டாவுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அதனால் ஐந்து நிமிடத்தில் வேலி மேல் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அன்னிகா பசுவின் கழுத்து நரம்பில் ஊசியைச் செருகி, கால்சியம் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். நரெலின் புருஷன் கிரெய்க் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நரெல் கொஞ்சம் தள்ளி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ரோண்டா பக்கம் திரும்பவில்லை. பாட்டில் இறங்கப் பத்து நிமிடம் ஆகும். பத்து நிமிட மௌனம் ரோண்டாவுக்கு ஆகாது.

"ஒங்க மாட்டுக்கு உப்பு கொறஞ்சிருந்தா நான் பொறுப்பில்ல கிரெய்க்," என்றாள். "கட்டிய ஒடச்சு வீட்டம்மா தின்னுட்டாங்க. காலைல நானே பாத்தேன்."

கிரெய்க் சிரித்தான். நரெல் சிரிக்கவில்லை. அன்னிகாவின் பாட்டில் பிடித்த கை அசையவில்லை, ஆனால் தலை திரும்பியது.

"மாட்டு உப்பையா?"

"ஊறுகாத் தண்ணியையும் ஜாடியோட. அந்தக் கரிக்களிம்ப கரண்டியோட."

"வாந்தி வருதா நரெல்? எளச்சிருக்கீங்க. எந்திரிச்சா தல சுத்துதா?"

"யாருக்குத்தான் சுத்தல," என்று சொல்லிக்கொண்டே எழுந்த நரெல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டதை மறைக்கப் பார்த்தாள்.

அன்னிகா பாட்டிலைக் கிரெய்க் கையில் திணித்தாள். "கையக் காட்டுங்க. கையொறயக் கழட்டிட்டு."

"நான் மாடு இல்ல."

"மாடா இருந்தா எனக்கு எவ்வளவோ சுலபம். காட்டுங்க."

நரெல் காட்டினாள். உள்ளங்கை ரேகைகள் ஒவ்வொன்றும் பழுப்புப் பென்சிலால் வரைந்த மாதிரி இருந்தன. விரல் முட்டிகளில் காப்பிக் கறை போல ஒரு இருட்டு. ரோண்டா வேலியைத் தாண்டி உள்ளே வந்தது அவளுக்கே தெரியாது.

"வெயில் பட்டா உள்ளங்கை ரேகை கறுக்காது," என்றாள் அன்னிகா. "நாய்ங்கள்ல இந்த மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பாக்குறேன். நாய் நெறம் மாறாது, மத்த எல்லாம் இதேதான். எளைக்கும், வாந்தி எடுக்கும், ஒருநாள் நல்லா இருக்கும், மறுநாள் படுத்துக்கும். எல்லா வியாதி மாதிரியும் வேஷம் போடும். நீங்க மட்டும் ஒரு பூடில் நாயா இருந்தீங்கன்னா, இந்நேரம் ரத்தம் எடுத்திருப்பேன்."

"என்ன வியாதி?" என்றான் கிரெய்க்.

"அத நான் சொல்லக்கூடாது. சொன்னா என் லைசென்ஸப் பிடுங்கிடுவாங்க. கிரெய்க், இவங்க எப்ப இருந்து இந்த நெறம்?"

கிரெய்க் மனைவியைப் பார்த்தான். பாட்டிலைப் பிடித்தபடியே நன்றாகப் பார்த்தான். பின்னாலிருந்து மடியை மட்டும் பார்த்தே இருநூற்று எண்பது மாடுகளையும் தனித்தனியாக அடையாளம் சொல்லுகிறவன் அவன்.

"எப்பவும் இப்படித்தானே இருப்பா?"

"இருபத்தாறு வருஷம்," என்றாள் நரெல், யாரிடம் என்றில்லாமல்.

"மூணு டாக்டரும் பாத்தாங்களே, அவங்க ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டான் கிரெய்க்.

"மூணு பேரும் மொதல் தடவ பாத்தாங்க," என்றாள் அன்னிகா. "மொதல் தடவ பாக்குறவங்களுக்கு இவங்க நெறமே இதுதான். இங்க வர்ற டாக்டருங்க அஞ்சு வாரம் இருந்துட்டுப் போயிடுறாங்க, அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. இவங்களையே வருஷக்கணக்கா உத்துப் பாத்துட்டிருந்த ஒரு ஆள் வேணும்."

மூன்று தலையும் ஒரே பக்கம் திரும்பின. ரோண்டா தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தான் பார்க்கப்படுவதை உணர்ந்தாள்.

அன்னிகா அங்கேயே நின்று கிளினிக்குக்கு ஃபோன் போட்டாள். தான் யார் என்று சொன்னாள், மாட்டு டாக்டர்தான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இடம் வாங்கினாள். "இதுக்கு நடுவுல வாந்தி நிக்காம வந்தா, கிளினிக் இல்ல, ஆம்புலன்ஸ்," என்றாள். பசு அதற்குள் எழுந்து நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி கன்றை நக்க ஆரம்பித்திருந்தது.

ரோண்டாவிடம் ஒரு ஆல்பம் இருந்தது. மார்ச் மாதம் ஹாலில் ஸ்பாஞ்ச் கேக் போட்டி நடக்கும். ஜெயித்தவர்களைப் படம் எடுப்பது பதினோரு வருடமாக அவள் வேலை. நரெல் அதில் ஏழு தடவை ஜெயித்திருக்கிறாள். படத்தில் முகம் சில சமயம் விட்டுப்போகும், கை விட்டுப்போகாது. தட்டை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிக் காட்ட வேண்டும். விரல் பட்டுக் கேக் அமுங்கியிருந்தால் அடுத்த வருடம் வாக்குவாதம் வரும்போது ஆதாரம் வேண்டாமா?

மறுநாள் காலை ஆல்பத்தோடு கேட்டில் நின்றாள். நரெல் காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள். "பாலம் தாண்டுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது," என்றாள். கிரெய்க் ஓட்டினான். பாலம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ரோண்டா தாக்குப்பிடித்தாள். பாலம் தாண்டியதும், "கரும்புக்கு மன்னிச்சுக்கோ," என்றாள்.

"வாழைக்கு?"

"வாழைய டேரில் சேத்தான். சத்தியமா."

புது டாக்டர் பெயர் நுவோசு. நைஜீரியாவிலிருந்து வந்தவர், முந்தின திங்கட்கிழமைதான் ஊருக்கு வந்திருந்தார். அவர் முதலில் நரெலைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு நிற்க வைத்துப் பார்த்தார். நின்றதும் அது மளமளவென்று இறங்கியது. வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். ஈறில் மை தெறித்தது போல் திட்டுத்திட்டாக இருந்தது.

"இந்தத் தழும்பு எப்ப?" என்றார், கட்டைவிரலைக் காட்டி.

"போன வருஷம். கேட்டுக் கொக்கி கிழிச்சுது."

"கால் முட்டில இருக்கறது?"

"சின்னப் பிள்ளைல சைக்கிள்ல விழுந்தது."

முட்டித் தழும்பு வெள்ளை. கட்டைவிரல் தழும்பு கறுப்பு. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். "உங்க பழைய நிறம் எது? எனக்கு உங்களைத் தெரிஞ்சே எட்டு நிமிஷம்தான் ஆச்சு."

நரெல் கதவைத் திறந்து, "ரோண்டா, உள்ள வா," என்றாள். கூப்பிட்டு முடிப்பதற்குள் ரோண்டா உள்ளே இருந்தாள்.

டாக்டர் ஏழு படங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஆறு படங்களில் கைகள் கேக்கின் கிரீமோடு போட்டி போடுகிற வெள்ளை. ஏழாவது இந்த வருட மார்ச். அதில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் நரெலின் கையையே வைத்தார். யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

"இதையெல்லாம் யார் எடுத்தது?"

"நான்தான்," என்றாள் ரோண்டா.

"கையை ஏன் இவ்வளவு கிட்டத்துல எடுத்திருக்கீங்க?"

"ஜனங்கள நம்ப முடியாது டாக்டர்."

டாக்டர் நுவோசு சிரித்துவிட்டு நரெல் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "இது அடிசன் நோய்னு எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம். மிச்சத்தை ரத்தம் சொல்லும். சிறுநீரகம் ரெண்டு மேலயும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, அட்ரீனல்னு பேரு. உடம்பு ஒரு சோதனையைத் தாங்கணும்னா அது சுரக்கணும். உடம்புல உப்பு நிக்கணும்னாலும் அது சுரக்கணும். உங்க உடம்பே அதை எதிரின்னு நினைச்சு அழிச்சிருக்கு. அதான் உப்பு நிக்காம ஓடுது. நீங்க மாடுகிட்ட போய்ப் பங்கு கேட்டது பைத்தியம் இல்லை, உடம்பு சரியா வழி சொல்லியிருக்கு."

"அப்ப இந்த நெறம்?"

"மூளைக்கு அடியில இருக்கற இன்னொரு சுரப்பி, வேலை செய், வேலை செய்னு அதைப் பாத்துக் கத்திக்கிட்டே இருக்கு. பதில் வராததால இன்னும் சத்தமா கத்துது. அந்தச் சத்தம்தான் தோல்ல நிறமா ஏறியிருக்கு."

ரோண்டாவுக்கு இது உடனே புரிந்தது. பதில் வராத இடத்தில் சத்தத்தைக் கூட்டுவது அவள் குடும்பத்திலும் உண்டு.

"பொழச்சுக்குவாளா?" என்றான், ரோண்டாவின் பின்னாலேயே உள்ளே வந்திருந்த கிரெய்க்.

"இன்னும் ரெண்டு வாரம் தெரியாமலே விட்டிருந்தா சந்தேகம். இப்ப தெரிஞ்சிடுச்சு. ஒரு நோய் அரிதுங்கறதால வைத்தியமும் அரிதுன்னு இல்லை. விலை மலிவான மாத்திரை ரெண்டு. மறக்காம சாப்பிட்டா தொண்ணூறு வயசுல கேக் போட்டியில ஜெயிக்கலாம்."

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தத்தில் உப்பு தரை தட்டியிருந்தது. சொட்டு மருந்து ஏற்றினார்கள். தூங்குகிற சுரப்பியை ஒரு ஊசியால் உசுப்பிப் பார்க்கிற சோதனை ஒன்று செய்தார்கள், அது உசும்பவில்லை. சந்தேகம் தீர்ந்தது. மூன்றாம் நாள் நரெல் வறுத்த மீனும் சிப்ஸும் கேட்டாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து ரோண்டாவின் சூப் பாத்திரத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தாள்.

சட்டம் இதுதான். காலையில் பால் கறப்பதற்கு முன்னால், மதியம், சாயங்காலம் நாலு மணி என்று மூன்று வேளை ஹைட்ரோகார்டிசோன். காலையில் கூடவே உப்பை உடம்பில் பிடித்து வைக்கிற இன்னொன்று. காய்ச்சல் வந்தால் இரட்டை அளவு. வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் தொடையில் ஊசி, ஆம்புலன்ஸ். ஊசி மஞ்சள் பெட்டியில். பெட்டி பால் தொட்டிக்கு மேலே அலமாரியில். கிரெய்க் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினான். பார்க்காமலே மாட்டுக்கு ஊசி போடுகிறவன் ஆரஞ்சை மூன்று தடவை தவறவிட்டான். "மாட்ட நான் கல்யாணம் பண்ணிக்கலியே," என்றான்.

நரெல் ஒருநாள் ரோட்டைத் தாண்டி வந்தாள். தானாக வந்தது இரண்டு மாதத்தில் முதல் தடவை.

"ரோண்டா, இத ஊர் பூரா சொல்லு."

ரோண்டா கேட்டில் சேறு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "நெசமாத்தான் சொல்றியா?"

"நான் எங்க விழுவேன்னு எனக்கே தெரியாது. பக்கத்துல எவன் நின்னாலும் அவனுக்கு மஞ்சப் பெட்டி எங்க இருக்குன்னு தெரியணும். டாக்டரே சொன்னாங்க. குயின்ஸ்லாந்து கதை சுத்தி வர எத்தன நாள் ஆச்சு?"

"நாலு."

"இதுக்கு மூணு தர்றேன்."

இப்படி ஒரு உத்தரவு தன் வாழ்க்கையில் வரும் என்று ரோண்டா நினைத்ததே இல்லை. குளித்து, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதை நகரவில்லை. தபால் ஆபீஸ்காரி, "ஓ, சுரப்பியா," என்றுவிட்டு ஸ்டாம்பைக் கிழிக்கத் தொடங்கினாள். டேரில் குழாயை மாட்டியபடி கடைசி வரை கேட்டான்.

"அப்ப ஆளு யாரும் இல்லியா?"

"இல்ல."

"கரும்புகூட இல்லியா?"

"இல்லடா."

"ம்ம்," என்றான் டேரில், யாரோ பாலில் தண்ணீர் கலந்து கொடுத்த மாதிரி.

பொய்க்குத்தான் கால் நீளம், உண்மை நொண்டியடிக்கிறது என்று ரோண்டாவுக்கு வருத்தம். அப்புறம் யோசித்ததில் தப்பு உண்மை மேல் இல்லை, சொன்ன விதத்தில் என்று பட்டது. சுரப்பியில் ஆரம்பித்தால் யார் கேட்பார்கள்? உப்புக்கட்டியில் ஆரம்பிக்க வேண்டும். மறுபடி கிளம்பினாள். நரெல் மாட்டுக்குப் பங்காளியானது, மூன்று டாக்டரிடம் பிடிபடாததை நாய் டாக்டர் பிடித்தது, பூடில், இருபத்தாறு வருடமாகப் பெண்டாட்டியின் நிறம் தெரியாத கிரெய்க், அவன் கொலை செய்த ஆரஞ்சுகள் என்று எல்லாம் வந்தன. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடிக்கிற இடத்தில் ரோண்டா வாலை இணைத்தாள்: பெட்டி பால் தொட்டிக்கு மேலே. குப்பியின் மூடியை அமுக்கினால் பவுடரும் தண்ணியும் கலக்கும். தொடையின் வெளிப்பக்கம், கால்சட்டைக்கு மேலேயே குத்தலாம். ஆம்புலன்ஸுக்கு ஃபோன். சொல்ல வேண்டியது, 'அட்ரீனல் நெருக்கடி, ஹைட்ரோகார்டிசோன் நூறு குடுத்தாச்சு.' இதைத் திருப்பிச் சொல்லாதவர்களை அவள் நகர விடவில்லை. டேரில் பதினாலு பண்ணையிலும் சொன்னான். வாலோடுதான் சொன்னான், ஏனென்றால் ரோண்டா பண்ணைகளுக்கு ஃபோன் போட்டுச் சரிபார்த்தாள்.

அக்டோபரில் ரோண்டாவின் கடைவாய்ப்பல் வலி எடுத்தது. பல் டாக்டர் இருந்தது தூரத்து நகரமான பர்னியில். காலை ஏழரைக்குக் கிளம்பினாள். அந்த வருடத்தில், நரெலோடு கிளினிக் போன நாளைத் தவிர, அவள் ஜன்னல் அவ்வளவு நேரம் காலியாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

இரண்டு மணிக்குத் திரும்பியபோது பாதி வாய் மரத்திருந்தது. பைபஸ் கேட்டில் புதுச் சக்கரத் தடம், அகலமானது, ஆம்புலன்ஸுடையது. பால் டேங்கர் குறுக்கே நின்றது. அதன் படியில் டேரில் உட்கார்ந்து, கையில் ஒரு சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்நா ஆத்து?" என்றாள் ரோண்டா. உதடு ஒத்துழைக்கவில்லை. மனுஷிக்குக் கேள்விகள் மிக அதிகம் தேவைப்பட்ட நாளில் வாய் இல்லை.

"வயித்துக் கடுப்பு ஒண்ணு சுத்துதுல்ல, அது அவங்களுக்கும் வந்திருக்கு. காலைலேர்ந்து வாந்தி. கிரெய்க் மேல் மேட்டுல கன்னு போட்ட மாடு பாக்கப் போயிட்டான், அங்க ஃபோன் எடுக்காது. நான் பாலுக்கு வந்தேன். தொட்டிப் பக்கத்துல தரைல கெடக்காங்க. கூப்பிட்டா வாய் கொழறுது."

ரோண்டா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறு, சொல்றேன். மொதல்ல கை கால் ஓடல. அப்புறம் என் வாயே தானா சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. பெட்டி தொட்டிக்கு மேல, மூடிய அமுக்கு, தொட வெளிப்பக்கம். எத்தன தடவ சொல்லியிருப்பேன், பதினாலு பண்ணைல. கண்ண மூடிட்டுக் குத்துனேன். இல்ல, தொறந்துட்டுத்தான். ஆம்புலன்ஸ்காரிகிட்ட அந்த நெருக்கடியச் சொன்னதும் அவ, நீங்க நர்ஸான்னு கேட்டா." டேரில் முதல் தடவையாகச் சாண்ட்விச்சைக் கடித்தான். "என்னைய, நர்ஸான்னு."

"நவெல்?"

"ஏத்துறப்போ கண்ணு முழிச்சுப் பேசுனாங்க. டேரில், வாழத்தோட்டம் யாரு சேத்ததுன்னு கேட்டாங்க."

ரோண்டா அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். நிம்மதியில் அழுதாள், மரத்த பக்கம் கண்ணீர் வருகிறதா என்றுகூடத் தெரியவில்லை. அழுது முடித்ததும் இன்னொன்று உள்ளே அரித்தது. அவ்வளவு பெரிய விஷயம், அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே, அவள் இல்லாமல் நடந்திருக்கிறது. அதுவும் சரியாக.

இரண்டு நாளில் நரெல் திரும்பினாள். அந்தப் புதன்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்ததால் அக்டோபரிலும் ஹாலில் சூப் இருந்தது. ரோண்டா நடுமேஜையில் நின்றுகொண்டு கதையைச் சொன்னாள். வாய் முழுக்க வேலை செய்தது. நரெல் பக்கத்தில் உட்கார்ந்து, ருசி பார்க்காமலே சூப்பில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல் முட்டிகளில் பழுப்பு இறங்கி, பழைய வெள்ளை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"நான் அப்ப பாத்திரம் கழுவிட்டு ஜன்னல் வழியா பாக்குறேன்," என்றாள் ரோண்டா, "டேரிலோட டேங்கர்..."

"பல் டாக்டர்கிட்ட இருந்துகிட்டா?" என்றது பின்மேஜை.

நரெல் ரோண்டாவை ஏறிட்டுப் பார்த்தாள். "சொல்ல விடுங்கப்பா. அவ சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

ரோண்டா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தாள். "டேரில் ஓடிப்போய்ப் பெட்டியத் தொறக்குறான். குப்பிய எடுக்குறான். எடுத்து அப்படியே ஊசியில ஏத்தி..."

"மூடிய அமுக்கணும்," என்றது ஹால். கிண்ணத்திலிருந்து ஒரு தலைகூட நிமிரவில்லை. தபால் ஆபீஸ்காரி மட்டும், "அப்பத்தான் பவுடர் கலக்கும்," என்று முடித்து வைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள்.

நரெலின் ஃபோன் மதிய மாத்திரைக்கு அடித்தது. அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, சூப்போடு விழுங்கினாள்.